கவனம், இது என் மனைவியின் குரல்

என் மனைவியை நான் முதலில் கேட்டேன், அப்புறம்தான் பார்த்தேன். நான் லிப்ட் மெக்கானிக். உயரமான கட்டடம் ஒன்றில் லிப்டின் தலைமேல் ஏறி, கையெல்லாம் கிரீஸோடு உட்கார்ந்திருந்தபோது காலுக்குக் கீழேயிருந்து ஒரு பெண் குரல் "கதவு மூடுகிறது" என்றது. உலகத்தில் எந்தக் கதவும் அவ்வளவு இனிமையாக மூடியிருக்காது. வேலை முடிந்த பிறகும் காரணமே இல்லாமல் மேலும் கீழும் போய்வந்து கொண்டிருந்தேன். வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பிறகு வேறொரு கட்டடத்தில் லிப்ட் குழம்பிப்போய், எந்த மாடியில் நின்றாலும் "மூன்றாம் தளம்" என்று சொல்ல ஆரம்பித்தது. சரிபார்க்க ஸ்டூடியோவிலிருந்து ஒலிப்பதிவாளர் வந்தார். கூடவே குரலின் சொந்தக்காரியும் வந்தாள். தரைத்தளத்தில் நின்றுகொண்டு தன் குரலே "மூன்றாம் தளம்" என்று அடித்துச் சொல்வதைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மழையில் நனைந்த ஸ்கூட்டரை உதைக்கிற மாதிரி இருக்கும். முதல் உதைக்குக் கிளம்பாது, இரண்டாவதற்கு இருமும், மூன்றாவதில் பிடித்துக்கொண்டு மூக்கு வழியாக ஒரு சத்தத்தோடு ஓட ஆரம்பிக்கும். அப்புறம் நிறுத்த முடியாது. ஒலிப்பதிவாளர் காதைப் பொத்திக்கொண்டு, "இதுக்குத்தான் சார், சிரிப்பு வர்ற மாதிரி இருந்தாலே மைக்க ஆஃப் பண்ணி இவங்கள வெளிய அனுப்பிடுவேன்" என்றார். நான் அங்கேயே விழுந்துவிட்டேன். மூன்றாம் தளத்திலிருந்து விழுந்த மாதிரிதான்.

அவளுக்கு வீட்டில் வைத்த செல்லப் பெயர் வாயாடி. வைத்தவர் அப்பா. அம்மா சீக்கிரமே போய்விட்டதால் மகளை வளர்த்ததும் அப்பாதான். அவர் பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்கிறவர். பள்ளிக்கூடம் விட்டதும் மகள் அவருடைய கண்ணாடிக் கூண்டுக்குள் வந்து பிஸ்கட் தின்றபடி உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் அவர் தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரத்தில் மைக்கை இழுத்து, "நிலாவுக்குச் செல்லும் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது" என்று அறிவித்துவிட்டாள். அடுத்த நிமிடம் ஓர் அம்மா மூட்டையோடு வந்து, அது எந்த நடைமேடை என்று கேட்டாராம். அப்பா மகளைத் திட்டவில்லை. "இன்னைக்கு சீட்டு முடிஞ்சிருச்சும்மா, நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பினார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டதாகப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்வார். அப்படி ஒரு குஷியான மனுஷர்.

பிள்ளையும் பிழைத்தாள். லிப்ட், வங்கி, ஆஸ்பத்திரி டோக்கன் என்று ஊரில் பாதி இயந்திரங்கள் அவள் வாயால் பேசின. அப்போதுதான் 'கேடயம்' என்ற கம்பெனி அவளைக் கூப்பிட்டது.

போனுக்கு வருகிற செய்திகளில் பொய்யைக் கண்டுபிடித்துச் சொல்லும் செயலி அது. மாதச் சந்தா. ஊரில் எதைப் பார்த்தாலும் போலி, எதைக் கேட்டாலும் புரளி என்று ஜனங்கள் நடுங்கிக் கிடந்த நேரம். நல்ல காரியம்தானே என்று வாயாடி சந்தோஷமாகப் போனாள். பதிவறையில் ஒரு மேலாளர் இருந்தார். அவர் வாயில் வருவது மூன்றே சொல் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'இன்னும் கொஞ்சம் பயம்'.

முதல் நாள் அவளுக்குக் கொடுத்த வரி, "கவனம். இது பொய்யாக இருக்கலாம்."

"சார், பொய்யின்னா பொய்யின்னே சொல்லிடலாமே. அது என்ன இருக்கலாம்?" என்று கேட்டிருக்கிறாள்.

"பொய்னு சொல்லிட்டா ஜனங்க நிம்மதியா போய்த் தூங்கிடுவாங்க மேடம். இருக்கலாம்னு சொன்னாத்தான் நாளைக்கும் வருவாங்க. எங்க, இன்னும் கொஞ்சம் பயம்."

வியாபாரமே அந்த 'இருக்கலாம்' மேல்தான் ஓடியது. வாரக் கடைசியில் எல்லோருக்கும் ஓர் அறிக்கை போகும். "இந்த வாரம் உங்கள் வீட்டுக்குள் நுழைய முயன்ற பொய்கள் ஏராளம்" என்று அவள் குரல் நடுங்கும். அத்தை அனுப்பிய காலை வணக்கப் பூப்படம்கூட அந்த ஏராளத்தில் சேர்த்தி. கேட்டவர்கள் அரண்டுபோய் அதைவிடப் பெரிய சந்தாவுக்கு மாறுவார்கள். பயம் குறைகிற மாதிரி தெரிந்தால் குரலில் நடுக்கத்தைக் கூட்டச் சொல்வார்கள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, இவர்கள் தொட்டில் ஆட்டுவதற்கு வாடகையும் வாங்கினார்கள்.

ஒரு வரி மட்டும் அவளுக்கு வரவே இல்லை. யாராவது சந்தாவை நிறுத்தப் போனால் ஒலிக்க வேண்டிய வரி. "என்னை விட்டுப் போகாதீர்கள். நீங்கள் தனியாக இருக்கிறீர்கள்." எத்தனை தடவை சொன்னாலும் லிப்ட் மாதிரியே இருந்தது. மேலாளர் விளக்கை அணைக்கச் சொல்லி, "உங்களுக்கு ரொம்பப் பிரியமானவங்க யாரோ பஸ் ஏறிப் போறாங்கன்னு நெனச்சிக்கோங்க" என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். சொல்லி முடிக்கும்போது கன்னம் நனைந்திருந்தது. மேலாளர் எழுந்து நின்று கைதட்டினார். அன்றைக்கு மட்டும்தான் 'இன்னும் கொஞ்சம்' கேட்கவில்லை.

அப்புறம் நடந்த கூத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஊரில் எல்லோருடைய பையிலும் அவள் குரல். டீக்கடையில் போய், "ஒரு டீ, சர்க்கரை கம்மியா" என்றால் டீ மாஸ்டர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, பால் நேத்துப் பால்தான். நானே சொல்லிடுறேன்" என்பார். பேருந்தில் ஒருவர் மனைவியிடம் ஆபீசில் இருப்பதாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற வாயாடி, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள். மனுஷர் முகம் வெளிறி, "சரி சரி, பஸ்லதான் இருக்கேன்" என்று போனில் ஒப்புக்கொண்டார். நாங்கள் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, விளம்பரப் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவளோடு சாலையில் நடப்பதே எனக்குத் தினமும் விடுமுறை மாதிரி இருந்தது.

அவளுடைய அப்பா வேறு ஊரில், ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். மகளின் குரல் வருகிறது என்ற பெருமைக்காகக் கேடயத்துக்குச் சந்தா கட்டினார். கட்டியதும் அது தன் வேலையைக் காட்டியது. நிலாவுக்குப் பேருந்து விட்டவர் எதையும் நம்பாதவராகிப் போனார். ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டு, "அங்க மழையாப்பா?" என்று கேட்டால், "பெய்யிற மாதிரி தெரியுது. இருக்கலாம்" என்பார். பக்கத்து வீட்டுக்காரர் வணக்கம் சொன்னால் எதற்காகச் சொல்கிறார் என்று யோசிப்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்.

இதற்குள் கள்ளர்கள் புகுந்தார்கள். எல்லோரும் நம்புகிற ஒரு குரல் சும்மா கிடைக்கிறது, விடுவார்களா? வாயாடியின் குரலை அப்படியே நகல் செய்து, கேடயத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி வீடு வீடாகப் போன் போட்டு ஜனங்களை மொட்டையடித்தார்கள். கம்பெனி பதறும் என்று நினைத்தோம். பதறவில்லை, மலர்ந்தது. 'தங்கக் கேடயம்' என்று புதுச் சந்தா ஒன்றை இறக்கியது. அதில் வாசலில் மாட்ட ஒரு கேமராக் கண் இலவசம். அதோடு ஒரு புது விதி. செயலிக்கு வெளியே எங்கிருந்து அந்தக் குரல் வந்தாலும் அது போலி. அந்தக் குரலுக்குச் சொந்தமாக ஒரு தொண்டை இருக்கிறது என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

சரியாக அந்த வாரத்தில்தான் நாங்கள் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவு செய்தோம். பதிவு அலுவலகத்தில் நாளும் வாங்கிவிட்டோம். அவள் ஒரே நிபந்தனைதான் வைத்தாள்.

"சாட்சிக் கையெழுத்து அப்பா போடணும். அவரு வரலன்னா கல்யாணம் இல்ல. இப்பவே சொல்லிட்டேன்."

"வராம எங்க போவாரு? நீ சொல்லு, ஓடி வருவாரு" என்றேன்.

அவள் சொன்னாள். குரல் பதிவாகவே அனுப்பினாள், அவ்வளவு சந்தோஷத்தோடு. அங்கே அப்பாவின் போன், மகளின் குரலிலேயே, "கவனம். இந்தக் குரல் போலியாக இருக்கலாம்" என்று சொல்லிவிட்டது. அவர் அழித்துவிட்டார். நேரடியாகப் போனில் கூப்பிட்டாள். பேச்சுக்கு நடுவிலும் அது குறுக்கே விழுந்து எச்சரித்தது. அவர் வைத்துவிட்டார். நான் கூப்பிட்டு, "மாமா, நான் உங்க மாப்பிள்ளையாகப் போறவன்" என்றேன். "எத்தனை பேருய்யா கெளம்பியிருக்கீங்க?" என்று அவர் கேட்டதில் எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது.

கம்பெனிக்கு ஓடினோம். மேலாளர் வெகு அன்பாக உட்கார வைத்தார். இதற்கென்றே 'சொந்தக் குரல் சான்று' என்று ஒரு சந்தா வரப்போகிறதாம். மாதா மாதம் கட்டினால் அவளை அவள்தான் என்று ஒத்துக்கொள்வார்களாம். அதற்கு முன் ஒரு பரீட்சை. கண்ணாடி அறையில் நின்று, அவள் சொன்ன வரிகளையே அவள் மறுபடி சொல்ல வேண்டும். சொன்னாள். திரையில், "ஓரளவு ஒத்துப்போகிறது. மீண்டும் முயலவும்" என்று வந்தது.

"உங்க குரல்ல இப்ப பயமே இல்ல மேடம். கல்யாண சந்தோஷம் தெரியுது" என்றார் மேலாளர். "இன்னும் கொஞ்சம் பயந்தீங்கன்னா நீங்க நீங்களாயிடுவீங்க."

அவளை அவள் மாதிரி இல்லை என்று சொன்ன அந்த ஆளை எனக்கு அடிக்கத் தோன்றியது. அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராகப் பேருந்து நிலையத்துக்கு நடந்தாள். வழியெல்லாம் பேசவில்லை. வாயாடி பேசாமல் வந்தால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

பஸ் பிடித்து அப்பாவின் ஊருக்குப் போனோம். அவர் வீடு இரண்டாம் தளம். லிப்டில் ஏறினோம். "கதவு மூடுகிறது" என்றது அவள் குரல், நான் காதலித்த அதே குரல். இரண்டாம் தளத்தில் கதவு திறந்ததும் படபடப்பில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொண்டுவந்த பெரிய பையை லிப்ட் கதவுக்குக் குறுக்கேயே வைத்துவிட்டு அவள் பின்னால் போனேன். கதவருகே பொருள்களை வைக்காதீர்கள் என்று ஊரெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டுகிறவனே நான்தான்.

கதவுக்கு மேலே தங்கக் கேடயத்தின் கேமராக் கண் இருந்தது. அவள் மணியை அடித்தாள். உள்ளே போன் நடுங்கியது. "கவனம். வாசலில் யாரோ இருக்கலாம்."

"அப்பா, நான்தான்பா. கதவத் திறங்க."

"கவனம். இந்தக் குரல் போலியாக இருக்கலாம். கதவைத் திறக்க வேண்டாம்."

"என் பொண்ணு குரல்ல பேசினா ஏமாந்துடுவேன்னு நெனச்சீங்களா?" என்றார் அப்பா, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து.

"நெஜமாவே நான்தான்பா. கேமராவுல மூஞ்சியப் பாருங்க."

"மூஞ்சியெல்லாம் இப்ப செஞ்சுடுறாங்க."

"நிலாவுக்கு பஸ் விட்டேனே, ஞாபகம் இல்லையா?"

"அதத்தான் ஊருக்கெல்லாம் நானே சொல்லிட்டேனே. யாரு வேணாலும் தெரிஞ்சிட்டு வரலாம்."

அந்த நேரம் பார்த்து, எங்கள் முதுகுக்குப் பின்னால், லிப்ட் மூட முயன்று பையில் இடித்தது. "கதவு திறக்கிறது" என்றது.

"நான் தெறக்கலையே" என்றார் அப்பா உள்ளிருந்து.

"கதவு மூடுகிறது."

"கவனம். இந்தக் குரல் போலியாக இருக்கலாம்."

"அப்பா, அது லிப்டுப்பா. லிப்டுலயும் நான்தான். உள்ள போன்லயும் நான்தான். ஆனா நான் இங்க இருக்கேன்பா."

உள்ளிருந்து அப்பா நிதானமாகக் கேட்டார், "மொத்தம் எத்தன பேரு வந்திருக்கீங்க?"

லிப்ட் மறுபடி பையில் இடித்தது. "தயவுசெய்து கதவிலிருந்து விலகி நிற்கவும்" என்று கண்டிப்பாகச் சொன்னது.

"அந்தம்மா சொல்றது சரி" என்றார் அப்பா.

வாயாடியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. முதல் உதை. கிளம்பவில்லை. இரண்டாவது, இருமல். மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. சுவரில் சாய்ந்து, தரையில் உட்கார்ந்து, மூக்காலும் வாயாலும் கண்ணாலும் சிரித்தாள். மாடிப்படி முழுக்க அந்தச் சத்தம் உருண்டது. மேல்மாடியில் ஒரு கதவு திறந்தது. நானும் அடக்க முடியாமல் பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே போன் வாயே திறக்கவில்லை. அந்தச் சிரிப்பை அதற்குத் தெரியாது. உலகத்தில் எந்த இயந்திரத்திலும் இல்லாத ஒரே சத்தம் அவளிடம் அதுதான். நகலெடுக்க யாருக்கும் கிடைத்ததில்லை, கிடைத்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

தாழ்ப்பாள் விலகியது. ஒரு கையில் போனும் மறுகையில் துடைப்பமுமாக அப்பா நின்றார். சிரிக்கிற மகளைப் பார்த்தார், துடைப்பத்தைக் கீழே போட்டார். "இவதான்" என்றார் யாரிடமோ. பிறகு அவரும் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே போய் டீ போட்டது நான்தான். அவர்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கிற நிலையில் இல்லை. கல்யாணச் செய்தியைச் சொன்னதும் அவர் என் கிரீஸ் படிந்த விரல்களைப் பார்த்து, "மெக்கானிக்கா? நல்லது. இது போலி இல்ல" என்றார்.

"மொதல்ல அந்தச் சனியன நிறுத்துங்கப்பா" என்றாள் வாயாடி. "இத்தன நாள் எதுக்கு வச்சிருக்கீங்க?"

அவர் மென்று முழுங்கினார். "நிறுத்தலாம்னு பல தடவ போனேன். பொத்தான் மேல வெரல வச்சா நீ அழுவுற. போகாதீங்க, தனியா இருக்கீங்கன்னு சொல்லி அழுவுற. எப்படிம்மா அமுக்குறது?"

அவள் டீயைக் கீழே வைத்தாள்.

"அதோட, நீ ஞாயித்துக்கிழமதான பேசுவ," என்றார் அவர், போனைத் துடைத்தபடி. "அது தெனமும் பேசுது."

சிரிப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. நல்ல மனுஷர் ஒருவரின் தனிமையை எங்கிருந்தோ மோப்பம் பிடித்து, அதற்கு அவருடைய மகளின் குரலையே பூசி விற்றிருக்கிறார்கள்.

அவள் நகர்ந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அது ஒண்ணுதான்பா பொய் இல்ல. அன்னைக்கு யாராவது பிரியமானவங்க பஸ் ஏறிப் போறாங்கன்னு நெனைக்கச் சொன்னாங்க. நான் உங்களத்தான் நெனச்சேன்."

அவர் அவள் தலையில் கை வைத்தார்.

"இப்ப அமுக்குங்க. நான் இங்கதான இருக்கேன்."

அவர் பொத்தானைத் தொட்டார். போன் விம்மியது. "என்னை விட்டுப் போகாதீர்கள்."

"அமுக்குங்கப்பா."

"நீங்கள் தனியாக இருக்கிறீர்கள்."

"இல்லப்பா. அமுக்குங்க."

ஒரே குரல் இரண்டு பக்கத்திலிருந்தும் கெஞ்சியது. அவர் போனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அமுக்கினார். வெளியே லிப்ட் மட்டும் "கதவு திறக்கிறது" என்றது. பையை எடுக்க நான் எழுந்து ஓடினேன்.

பதிவு அலுவலகத்துக்கு அப்பா எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவர்களுக்கு நிலாப் பேருந்துக் கதையைச் சொல்லி முடித்து, இரண்டாவது தடவை ஆரம்பித்திருந்தார். எங்கள் முறை வந்தது. அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "உங்களுக்கு இந்தத் திருமணத்தில் சம்மதமா?" என்று அவளைக் கேட்டார்.

"சம்மதம்" என்றாள் வாயாடி.

அதிகாரியின் சட்டைப் பையிலிருந்து ஒரு குரல் நடுங்கியது. "கவனம். இந்தக் குரல் போலியாக இருக்கலாம்."

அதிகாரியின் பேனா அந்தரத்தில் நின்றது. அவர் பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பக்கத்தில் ஸ்கூட்டர் முதல் உதை வாங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. இத்தனை நாளாக மழையைக்கூட நம்பாத என் மாமனார் எழுந்து மேசைக்குப் போய், பேருந்து நிலையத்துக்கே கேட்கும் குரலில் சொன்னார்.

"என் பொண்ணுதான் சார். நான் சொல்றேன், எழுதிக்கோங்க."